இலைப்பேனின் முகமும் திருச்சி நெடுஞ்சாலையும்

திண்டிவனத்து நிலக்கடலைச் செடியில் சாறு உறிஞ்சும் இலைப்பேனின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதன் முகத்தைப் படமெடுக்க ஆசைப்படுபவர் முதலில் தேடுவது லட்ச ரூபாய் லென்ஸை. தேவையே இல்லை. முடிவிலி வகை 10 மடங்கு மைக்ராஸ்கோப் ஆப்ஜெக்டிவை 200 மி.மீ. லென்ஸின் முகப்பில் ஓர் அடாப்டர் வளையம் வைத்துத் திருகினால் போதும். பணச்செலவு அதோடு சரி, பொறுமைச் செலவுதான் பாக்கி. 0.25 எண்துளை கொண்ட அந்த ஆப்ஜெக்டிவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 9 மைக்ரான். துளையைச் சுருக்கி ஆழத்தைக் கூட்டலாமே என்பார்கள். வழக்கமான ஆப்ஜெக்டிவில் சுருக்குவதற்குத் திரையே கிடையாது. இருந்து சுருக்கினாலும் ஒளியின் விளிம்பு விளைவு படத்தை மழுக்கிவிடும். ஆகவே ஐந்தைந்து மைக்ரானாக நகர்த்தி, கால் மில்லிமீட்டரைக் கடக்க 50 படம் எடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

அதுவரை ஊர் அசையக்கூடாது. அருகிலுள்ள விழுப்புரமோ ரயில் சந்திப்பு. திண்டிவனமோ சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருக்கிறது. ஃபிளாஷ் போட்டால் அதிர்வு தெரியாதே? ஒரு படத்துக்குள் தெரியாது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இரண்டு படங்களுக்கு நடுவே மேசை நகர்ந்ததை எந்த ஃபிளாஷும் விசாரிப்பதில்லை. இலைப்பேனும் சும்மா இருக்காது, உயிரோடிருந்தால் நடக்கும், செத்தால் சுருங்கும். மேசைக்கடியில் ரப்பர், மேலே கனத்த கடப்பைக் கல், நேரம் நள்ளிரவு என்று தொடங்கலாம். சரக்கு ரயிலுக்கு நள்ளிரவும் வேலை நேரம்தான்.