குண்டு போட்ட கார்ட்டூன்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரசாரக் கார்ட்டூன்களை அனிமேஷன் ரசிகர்கள் இன்றும் தேடிப் பார்ப்பது ஏன்?

பதில்: அன்று போருக்குப் போனது சிப்பாய்கள் மட்டுமல்ல, டொனால்டு டக்கும்தான்!

நாஜி ஆயுதத் தொழிற்சாலையில் ஹிட்லர் படத்துக்கு சல்யூட் அடித்தே அந்த வாத்துக்குக் கிறுக்குப் பிடிக்கும் 'டெர் ஃப்யூரர்ஸ் ஃபேஸ்', 1943-ல் ஆஸ்கர் வென்றது. பித்து முற்றும் காட்சியில் வண்ணங்களும் வடிவங்களும் போடும் ஆட்டம் இன்றும் அசத்துகிறது.

அமெரிக்க ராணுவத்தினருக்கென்றே உருவானவன் 'பிரைவேட் ஸ்னாஃபு'. எதையும் தப்பாகவே செய்யும் சிப்பாய். மலேரியாக் கொசு முதல் ரகசியம் காப்பது வரை அவன் உதைபட்டுப் பாடம் நடத்தினான். பல படங்களுக்கு எழுதியவர் டாக்டர் சூஸ். இயக்கியவர்களில் ஒருவர் சக் ஜோன்ஸ். பின்னாளில் குழந்தைகள் கொண்டாடிய மேதைகளின் இளமைக் கைவண்ணத்தை ரசிகர்கள் இங்கே காண்கிறார்கள்.

ஜப்பானியக் கடற்படைக்காக மிட்சுயோ செயோ இயக்கிய 'மோமொதாரோ' (1945), அந்நாட்டின் முதல் முழுநீள அனிமேஷன் படம். அதைத் திரையரங்கில் பார்த்து உருகிய 16 வயதுப் பையன், பிறகு 'ஆஸ்ட்ரோ பாய்' படைத்த ஒசாமு தெசுகா.

இந்தக் கார்ட்டூன்களில் விஷமும் உண்டு. எதிரி நாட்டு மக்களையே கோரைப்பல் பூதங்களாக வரைந்த இனவெறி அது. அதற்குச் சமாதானமே கிடையாது. அதனால்தான் நல்ல ரசிகர்கள் கோட்டின் அழகோடு, அது யாரைக் குத்தியது என்பதையும் சேர்த்தே பேசுகிறார்கள்.