கோகோ பாட்டிலுக்கு எதுக்குக் கண்ணு ரிப்பன்?

வா கண்ணு, இப்பிடித் திண்ணையில குந்து. கையில இன்னா, பாட்டிலா? கழுத்துல சிவப்பு ரிப்பன். ரிப்பன்ல ஒரு அட்டை. அட்டையில சுழிச்சுச் சுழிச்சு இங்கிலீசு எழுத்து. நான் ஊறுகாய்னு நெனச்சேன். நீ 'ஹாட் கோகோ மிக்ஸ்'ங்கிற. வூட்லயே கலந்ததாம். சிநேகிதக்காரங்களுக்கெல்லாம் 'வின்டர் கிஃப்ட்'டாம்.

சந்தோசம். ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அந்த வின்டரு எங்க இருக்குது?

காஞ்சிபுரத்துல மார்கழி விடியக்காலையில 20 டிகிரிய ஒட்டி எறங்கும். அதுக்கே பிள்ளையார்பாளையத்துல பாதிப்பேரு காத மூடி மப்ளர் கட்டிகினு டீக்கடையில நிப்பாங்க. பத்து மணிக்கு வெயில் வந்து மப்ளர அவுத்துடும். உன் அட்டையில பனி மனுசன் படம் வேற. மூக்குல கேரட்டு! நம்ம ஊர்ல கேரட்டு சாம்பாருக்குப் போவும் கண்ணு, மூக்குக்குப் போவாது.

ஆனா பனி இல்லேன்னு சொல்ல மாட்டேன். விடியக்காலையில தறிக்குழியில கால உட்டுக் குந்தினவனக் கேளு, முட்டி வரைக்கும் எப்பிடிச் சில்லுனு ஏறும்னு சொல்லுவான். அந்த நேரத்துல சூடா ஒரு டம்ளர் கையில குடுத்தா கும்பிடுவான். அதனால உன் நெனப்புல குத்தமில்ல. செஞ்ச லட்சணத்தத்தான் பாக்கணும். நான் எதப் பாத்தாலும் ஒரே கேள்விதான் கேப்பேன். இது இன்னா வேல செய்யுது? பதில் இருந்தா வெச்சுக்க. இல்லேன்னா தூக்கிக் கடாசு.

மொதல்ல இந்த அடுக்கு. அடியில கோகோ, அதுக்கு மேல சர்க்கரை, அதுக்கு மேல பால் பவுடரு, உச்சியில வெள்ளை வெள்ளையா பஞ்சு மிட்டாய். பாக்க அழகாத்தான் இருக்குது. உன் சிநேகிதன் ஸ்பூன உட்டு எடுத்தா மொத நாள் அவனுக்கு மிட்டாய் மட்டும்தான வரும்? ரெண்டாம் நாள் வெறும் பால் பவுடரு. கடேசி நாள் அடியில இருக்கிற கோகோவக் குடிச்சுட்டு மூஞ்சியச் சுளிப்பான். 'மிக்ஸ்'னு பேரு வெச்சுட்டு மிக்ஸ் பண்ணாமயே குடுக்கிறியே, இது எந்த ஊரு நியாயம்?

அந்த மிட்டாய்க்கு மார்ஷ்மாலோன்னு பேரா? சரி. பாக்கெட்டுப் பின்பக்கம் படிச்சியா? அதுல பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். மாட்டோட, பன்னியோட தோலு, எலும்பக் காய்ச்சி எடுக்கிற சரக்கு அது. நீ அத எடுத்துகினு போய் வரதராஜப் பெருமாள் சன்னதித் தெருவுல இருக்கிற வூட்ல, பாட்டியம்மா கையில பயபக்தியாக் குடுக்கப் போற. அவங்க ஏகாதசி முடிச்சு மறுநாள் வாயில போடுவாங்க. அப்பால எவனாவது அந்தப் பாக்கெட்டப் படிச்சுக் காட்டுவான். அதுக்கப்புறம் நீ அந்தத் தெரு வழியா நடப்பியா? பச்சைப் புள்ளியா, பழுப்புக் குறியான்னு பாத்து வாங்கக் கண்ணு வேணுமா, கண்ணாடி வேணுமா?

பின்பக்கம்னதும் இன்னொண்ணு. நீ கோகோன்னு கொட்டியிருக்கிறது 'டிரிங்கிங் சாக்லெட்' டப்பா தான? அதுலயும் பொடியெழுத்தப் படி. எது அதிகமோ அத மொதல்ல போடணும்னு சட்டம். மொத பேரு சர்க்கரைன்னு இருந்தா, நீ சர்க்கரைக்கு மேல சர்க்கரையக் கொட்டியிருக்கேன்னு அர்த்தம். நம்ம ஊர்ல சரிகை வாங்கறவன் மினுமினுப்பப் பாத்தா வாங்கறான்? நகத்தால ஒரு சுரண்டு. வெள்ளிக் கம்பி வெலகி உள்ள சிவப்புப் பட்டு நூலு தெரிஞ்சா நல்ல சரிகை. இல்லேன்னா வெச்சுட்டு வந்துருவான். டப்பாவையும் அப்பிடிச் சுரண்டிப் பாக்கணும் கண்ணு.

நான் சும்மா சொல்லல. மேற்கு ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட், கானான்னு ரெண்டு நாடு. ஒலகத்துக் கோகோவுல பாதிக்கு மேல அங்கதான் வெளையுது. அங்க மழை தப்பி, மரத்துக்குச் சீக்கு வந்து, 2022ல டன்னு 2,500 டாலர் பக்கம் இருந்த வெல 2024 டிசம்பர்ல 12,000த்தத் தாண்டிச்சு. அந்த வெலையில டப்பாவுக்குள்ள கோகோவ அள்ளி அள்ளிப் போடுவானா, சர்க்கரைய அள்ளி அள்ளிப் போடுவானா? நீயே கணக்குப் போடு. அதே வருசம் ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் யாவாரிங்களக் கூப்ட்டு, போர்ன்விட்டா மாதிரிப் பானத்தையெல்லாம் 'ஹெல்த் டிரிங்க்' வரிசையிலேருந்து எடுங்கன்னு சொல்லிச்சு. அப்பிடி ஒரு வகையே உணவுச் சட்டத்துல இல்லையாம். அதக் குடிச்சுத்தான் உங்க அப்பன் ஒசரமா வளந்தான்னு உங்க பாட்டி இன்னும் சத்தியம் பண்ணுது. அது தாத்தா வாகு, எங்க வம்சம்.

இன்னா முழிக்கிற? இந்தத் தாத்தனுக்குக் கோகோவப் பத்தி இன்னா தெரியும்னா? பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போய்ப் பாரு. தென்னந்தோப்புக்குள்ள நெழல்ல வளருது. காய் கெளையில மட்டுமில்ல, அடிமரத்துலயே ஒட்டிகினு தொங்கும். ஒடச்சா உள்ள வெள்ளைச் சதை மூடின கொட்டைங்க. சதை புளிப்பும் இனிப்புமா நல்லாத்தான் இருக்கும், கொட்டையக் கடிச்சா கசக்கும். அத அப்பிடியே காய வெச்சா ருசி வராது. வாழ இலையப் போட்டு மூடி அஞ்சாறு நாளு புளிக்க வெக்கணும். சூடு ஏறி, சதை கரைஞ்சு ஓடி, கசப்பு கொறைஞ்சு, அப்பதான் சாக்லெட்டு வாசனைக்கு அடி போடும். அப்பால காய வெச்சு, வறுத்து, தோல் நீக்கி அரைக்கணும். இவ்ளோ பேரு பாடுபட்ட சரக்க நீ ரிப்பனுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்க.

அரைச்சதுல பாதி கொழுப்பு. அதனால முன்ன தண்ணியில கலந்தா நெய் மெதக்கும். 1828ல ஆலந்துக்காரங்க வான் ஹூட்டன் குடும்பந்தான் அந்தக் கொழுப்பப் பிழிஞ்சு எடுக்க வழி பண்ணி, மிச்சத்தப் பொடியாக்கிச்சு. ஆல்கலிங்கிற காரம் சேத்துப் புளிப்பையும் கொறைச்சாங்க, மிளகாய்க் காரம் இல்ல. கடையில கருகருன்னு இருக்கிற பொடி அந்த வகை. செம்பழுப்பா, லேசாப் புளிப்பா இருக்கிறது காரம் சேக்காதது. ரெண்டும் நல்லதுதான். பாலுக்குக் கருப்பு சுளுவாக் கலக்கும்.

அந்தக் கம்பிச் சுருள் வெச்ச பேட்டரிக் குச்சி எதுக்கு? நுரை வரவா? அடப் போப்பா! இந்தக் கோகோவ அந்தக் காலத்துலயே குடிச்சவங்க மெக்சிகோப் பக்கத்து ஆளுங்க. மாயாக்காரங்க குவளை ஒண்ணு அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல வெச்சிருக்காங்க. அதுல ஒரு பொம்பளை நின்னுகினு ஒசரத்துலேருந்து இன்னொரு பாத்திரத்துல கோகோவ ஊத்துறா. எதுக்கு? நுரைக்கு. அது ராஜசிம்ம பல்லவன் நம்ம கைலாசநாதர் கோயிலக் கட்டின காலத்த ஒட்டின குவளை. ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னயே ஆத்தி ஆத்திக் குடிச்சிருக்காங்க. உனக்கு டபரா டம்ளர் கையிலயே இருக்குது, நீ பேட்டரி வாங்கற.

அவங்க அதுல சர்க்கரையே போடல. மிளகாயப் போட்டுக் குடிச்சாங்க. சர்க்கரையச் சேத்தது அப்பால வந்த ஐரோப்பாக்காரன். மிளகாயும் கோகோவும் ஒரே சீமையிலேருந்து வந்ததுங்கதான். மிளகாய் சீக்கிரமே கப்பலேறி வந்து நம்ம கொழம்புல குடியேறிடுச்சு. கோகோ மட்டும் ஊர் சுத்திட்டு இப்ப உன் பாட்டிலுக்கு வந்திருக்குது. அதனால கோகோவுல காரம் போட்டா 'ஃபியூஷன்'னு அலட்டாத. அது பழைய மாமூல்.

போடறதுன்னா எதப் போடணும்? நீ வெண்ணிலா எசென்ஸ்ங்கிற. பாட்டில்ல வர்ற தண்ணிய ஒலர்ந்த பொடியில ஊத்தினா இன்னா ஆவும்? கல்லாப் போவும். சுக்கு இருக்குது பாரு, அதப் போடு. சுக்குக்கு மிஞ்சின மருந்துமில்ல, சுப்ரமணியருக்கு மிஞ்சின சாமியுமில்லன்னு பெரியவங்க சொன்னாங்க. குமரக்கோட்டத்துக்காரனுக்கு நான் வேற சொல்லணுமா? வரதர் கோயில் இட்லியிலயே சுக்கு, மிளகு, சீரகம் இருக்குது. அந்த மணத்துக்குப் பழகின நாக்கு இந்த ஊரு நாக்கு.

இஞ்சி போடலாமான்னு கேப்ப. பச்சை இஞ்சிச் சாற வெதுவெதுன்னு இருக்கிற பால்ல உட்டா திரிஞ்சு தயிராட்டம் நிக்கும். சுக்குன்னா அந்த வம்பு இல்ல. நாட்டுச் சர்க்கரை ஒடம்புக்கு நல்லதாச்சேன்னு அடுத்து கேப்ப. ஈரம் பிடிச்சுப் பாட்டில்லயே கட்டி தட்டும், கொதிக்கிற பால்ல போட்டா பாலும் திரியலாம். வெள்ளைச் சர்க்கரையவே மிக்ஸியில பொடிச்சுப் போடு. வருசத்துல ஒரு தடவை குடுக்கிறதுல நாட்டு வைத்தியம் பாக்காத.

அளவு சொல்றேன், எழுதிக்க. சர்க்கரை சேராத கோகோப் பொடி 100 கிராம். பொடிச்ச சர்க்கரை 150. பால் பவுடரு 150. சுக்கு ஒரு டீஸ்பூன், மிளகு அர டீஸ்பூன், ஏலக்கா பத்து. கடேசி மூணையும் வெறும் சட்டியில லேசா சூடு காட்டி, ஆறவெச்சு, பொடிச்சு, சலிச்சுக்க. சூட்டோட மூடினா மூடியில வேர்க்கும், வேர்த்தா பூஞ்சை. ஒரு சிட்டிகை உப்பு. உப்பு எதுக்கா? போடாம ஒரு டம்ளர், போட்டு ஒரு டம்ளர் குடிச்சுப் பாரு, அப்பால என்னக் கேளு. எல்லாத்தையும் ஒண்ணாச் சல்லடையில ரெண்டு தடவை சலி. அப்பதான் அது 'மிக்ஸ்'.

ஒரு டம்ளருக்கு 25 கிராம் பக்கம் புடிக்கும். ஆக பதினாறு டம்ளர் வரும். கலக்கிறதுலயும் வெவரம் இருக்குது. கொதிக்கிற பால்ல பொடியக் கொட்டினா மேல தோல் கட்டி, உள்ள ஒலர்ந்த மாவா உருண்டை உருண்டையா மெதக்கும். ரெண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பால்ல மொதல்ல கொழைச்சுக்கணும், அப்பால சூடான பால ஊத்தி ஆத்தணும். இத எழுது அந்த அட்டையில. பனி மனுசன் படம் இருந்த எடத்துல.

பேரு பாத்துக் குடு கண்ணு. கீழத் தெரு மாமாவுக்கு சக்கரை வியாதி. அவருக்குச் சர்க்கரையில்லாம தனியாக் கட்டு. பால் பவுடருலயே கொஞ்சம் இனிப்பு இருக்கும், அதையும் அவர்கிட்ட சொல்லிடு. பால் ஒத்துக்காதவங்களுக்குச் சுக்கு மல்லிப் பொடி குடு. அது கோகோ இல்லையேன்னு வருத்தப்படாத. குடுக்கிறது அவங்க வாய்க்கா, உன் போன்ல போடற போட்டாவுக்கா?

கட்டறதுல வா. கோயில் இட்லிய மூங்கில் குடலையில மந்தார இலைய வெச்சு, மாவ ஊத்தி வேக வெப்பாங்க. அந்த இலை இன்னா வேல செய்யுது? மாவு ஒழுகாமப் புடிக்குது, வாசனையும் குடுக்குது. வெந்ததும் உரிச்சுப் போட்டா மாடு திங்கும். ஒரு இலைக்கு மூணு வேல. உன் ரிப்பனுக்கு? சொல்லு பாப்போம். ஒண்ணியும் இல்ல. பாட்டிலாவது காத்துப் புகாம காக்குதான்னா, அந்த மூடிய முறுக்கினா சுத்திகினே இருக்குது.

அதனால இந்தக் கெழவன் பேச்சக் கேளு. கண்ணாடிப் பாட்டில உங்க அம்மாகிட்ட குடு, உப்பு போட்டு வெக்கும். பெரிய தெருப் பாத்திரக் கடையில மூடி இறுக்கமா இருக்கிற எவர்சில்வர் சம்படம் வாங்கு. அதுல போட்டுக் குடு. குடுக்கும்போது வாயத் தொறந்து, "அத்தை, சம்படத்த மெதுவாக் குடுத்தாப் போதும்"னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா. பாட்டிலுன்னா வாங்கினவங்க அலமாரியில வெச்சு மறந்துடுவாங்க. சம்படம் அடுத்த வூட்டுப் பொருளு, உறுத்திகினே இருக்கும். நம்ம ஊர்ல எந்தப் பொம்பளையாவது வாங்கின பாத்திரத்த வெறுமையாத் திருப்பிக் குடுத்துப் பாத்திருக்கியா?

பொங்கலுக்குள்ள ஒண்ணொண்ணாத் திரும்பி வரும். ஒண்ணுல முறுக்கு, ஒண்ணுல அதிரசம், ஒண்ணுல எள்ளுருண்டை. முறுக்க நீ வெச்சுக்க, எனக்குப் பல்லு இல்ல. அதிரசம் வந்த சம்படத்த மட்டும் உங்க பாட்டிக்குத் தெரியாம இப்பிடித் திண்ணைக்குத் தள்ளி உடு.