உடைந்ததைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்

கேள்வி: ‘ரிப்பேர் கஃபே’ என்கிறார்களே, அது காபிக் கடையா, பட்டறையா?
(கல்லூரி மாணவி, ஈரோடு)

ஊர் கூடும் ஒரு மதியப் பொழுது. ஓடாத மிக்சி, ஜிப் போன பை, கால் ஆடும் நாற்காலி என எதையும் தூக்கிக்கொண்டு போகலாம். பழுது பார்க்கத் தெரிந்த அக்கம்பக்கத்தார் கருவிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். கூலி கிடையாது, மாற்றும் பாகத்துக்கு மட்டும் காசு. முறை வரும்வரை காபியும் பேச்சும். 2009 அக்டோபர் 18 அன்று ஆம்ஸ்டர்டாமில், ஒரு நாடக அரங்கின் முன்கூடத்தில், மார்ட்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் முதல் கூட்டத்தை நடத்தினார். இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் நடக்கிறது. பெங்களூரில் 2015-லேயே வந்துவிட்டது.

கேள்வி: காலையில் பொருளைக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்ளலாமா?
(வங்கி ஊழியர், திருச்சி)

கூடாது. இந்த ஏற்பாட்டின் உயிரே அந்த ‘கூடாது’தான். பொருளுக்கு உரியவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். முடிந்தால் ஸ்க்ரூவை அவரே கழற்ற வேண்டும். மிக்சி மோட்டார் உறுமுகிறது, பிளேடு சுற்றவில்லை. ஜாரைத் திருப்பிப் பார்த்தால் கப்ளரில் பல் தேய்ந்திருக்கிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, பெரும்பாலும் கெபாசிட்டர்தான். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை புது மிக்சி விலை கேட்டுக் கடை ஏற மாட்டார். இலவசச் சேவை என்று நினைத்து வருகிறவர்கள் ஒரு கைவேலையோடு திரும்புகிறார்கள். சொல்லிக்கொடுத்தவரும் பக்கத்துத் தெருக்காரர் என்பதால் நாளைக்கு வழியில் பார்த்தால் நின்று பேசுவார்கள். சிக்கனத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருமுனையில் மிக்சி, குக்கர் ரிப்பேர் செய்யும் பெரியவர் இருக்கிறார். அவர் பிழைப்பில் மண் போடவா இந்த விழா?
(ஆசிரியை, மதுரை)

கேட்க வேண்டிய கேள்வி. கஃபேக்கு வருபவை பெரும்பாலும் பரணில் தூங்கியவை, அல்லது குப்பைக்குப் போகவிருந்தவை. தங்களால் முடியாததை அங்கே கடைக்குத்தான் அனுப்பி வைக்கிறார்கள். ஆனாலும் நம் ஊரில் அதை அப்படியே பெயர்த்து நடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரியவரை நடுமேசையில் உட்கார வையுங்கள். அன்றைய வருமானத்தை நடத்துபவர்கள் ஈடுகட்டட்டும். இரண்டு ஐ.டி.ஐ. மாணவர்களை அவருக்குப் பக்கத்தில் போடுங்கள். சம்பளம் வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமையைத் தானமாகத் தரலாம். தினக்கூலிக்காரரிடம் அதைக் கேட்பது அநியாயம்.

கேள்வி: எல்லாம் சரியாகிவிடுமா?
(ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்)

இல்லை. உத்தரவாதமும் இல்லை. ஏறத்தாழ பத்தில் ஆறு பொருள் உயிரோடு வீடு திரும்பும்.

கேள்வி: மீதி நான்கு ஏன் செத்துப்போகிறது?
(பொறியியல் மாணவர், கோவை)

ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் பசை. உதிரிபாகம் விற்பனைக்கு இல்லை. திறக்கவே முடியாத மூடி. பல நேரம் குற்றம் ரிப்பேர் செய்கிறவரிடம் இல்லை, பொருளை வடிவமைத்தவரிடம்.

கேள்வி: நாலு மிக்சியைச் சரிசெய்தால் பூமி பிழைத்துவிடுமா?
(வழக்கறிஞர், சேலம்)

நாலு மிக்சியால் பிழைக்காது. 2022-இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம்தான். இந்த மலைக்கு முன்னால் ஒரு மதியக் கூட்டம் தூசுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு நோட்டும் இருக்கிறது. எந்தக் கம்பெனிப் பொருள், எத்தனை வயது, எங்கே பழுது, ஏன் முடியவில்லை என்று பல கஃபேக்களில் தொண்டர்கள் எழுதி வைக்கிறார்கள். அவை ஒரே தொகுப்பாகச் சேருகின்றன. ‘இந்த வகைப் பொருள் இந்த இடத்தில்தான் உடைகிறது’ என்று சட்டம் இயற்றுபவர்களிடம் போய்ச் சொல்ல அது சான்றாகிறது. பழுது பார்க்கும் உரிமைக்கான சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றியது. அதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர்களில் இந்த ஸ்க்ரூடிரைவர் தொண்டர்களும் உண்டு. மேசை சிறியது, நோட்டு சிறியதல்ல.

கேள்வி: அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை?
(ஊராட்சி உறுப்பினர், தஞ்சை மாவட்டம்)

நிறைய. வியன்னா நகரம் 2020-இல் ரிப்பேர் செலவில் பாதியைத் தானே ஏற்றது. 2022-இல் ஆஸ்திரியா முழுவதும் 200 யூரோ வரை அந்த உதவி கிடைத்தது. பிரான்ஸில் 2021 முதல் சில பொருள்களின் மேலேயே ‘எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம்’ என்ற மதிப்பெண் ஒட்டப்படுகிறது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. உங்கள் ஊராட்சியிடம் நான் கேட்பது மூன்றுதான்: ஒரு கூடம், நல்ல எர்த் உள்ள மின் இணைப்பு, மாதந்தோறும் மாறாத ஒரு தேதி.

கேள்வி: எனக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. நான் என்ன தொண்டு செய்ய?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

ஊசி பிடிக்கத் தெரியுமா? அப்படியானால் கூட்டத்திலேயே அழகான மேசை உங்களுடையது. கிழிசலை மறைக்க வேண்டாம். எடுப்பான நிறத்தில் நூல் கோத்து, அதன் மேல் ஒரு பூவோ இலையோ தையுங்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த காந்தாவும் கந்தலில் பிறந்த கலைதானே. தையலும் வராதென்றால் வருகிறவர் பெயரை எழுதுங்கள், காத்திருப்பவருக்குச் சுக்குக் காபி கொடுங்கள். வரிசையில் நிற்பவர்களை ஒருவரோடொருவர் பேச வைப்பவருக்குத்தான் அங்கே தட்டுப்பாடு.

கேள்வி: எதைக் கொண்டுவரக் கூடாது?
(எலக்ட்ரீஷியன், திருநெல்வேலி)

உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மைக்ரோவேவ் அடுப்பு வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம். உப்பிய பேட்டரி உள்ள கைப்பேசியும் வேண்டாம். கஃபேயில் உங்களைப் போல ஒருவர் இருந்து, கிளம்பும் முன் ஒவ்வொரு மின்பொருளையும் சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் தொடங்க ஆசை. விழாவாகவே நடத்தலாமா?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை)

தாராளமாக. பறை அடியுங்கள், கோலம் போடுங்கள், பிள்ளைகளைச் சுவரொட்டி வரைய விடுங்கள். பிளக்ஸ் பேனர் மட்டும் வேண்டாம். குப்பையைக் குறைக்கக் கூடுகிற இடம் அது. மேடையும் பொன்னாடையும் இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. முதல் கூட்டத்துக்குத் தையல் ஒருவர், சைக்கிள் ஒருவர், மின்சாதனம் ஒருவர் போதும். ஒருவருக்கு ஒரு பொருள் என்று வையுங்கள், இரண்டாவதுக்கு மறுபடி வரிசை. அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை உலகப் பழுதுபார்க்கும் நாள். அன்றைக்குத் தொடங்கினால் நாள் பொருத்தமும் சேரும். அடுத்த மாதத் தேதியை மட்டும் முதல் நாளே, கூட்டம் கலையும் முன், வாசலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.