முச்சக்கரப் பந்தய ஊர்தி கொள்வோர் இலக்கணம்

பாயிரம்

கார் வாங்குவது பற்றி நூல்கள் பல உண்டு. மோட்டார் சைக்கிள் வாங்குவது பற்றியும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, மூன்றே சக்கரத்தில், கதவும் கூரையும் இல்லாமல், மணிக்கு 185 கிலோமீட்டர் வரை பறக்கும் ஒரு பொருளை, அதுவும் இன்னொருவர் ஓட்டி அலுத்த பிறகு வாங்குவதற்குத் தமிழில் இலக்கணம் இல்லை. அந்தக் குறை இன்றோடு தீர்கிறது. அப்படி ஒரு குறை இருப்பதே யாருக்கும் தெரியாது என்பதால் இந்நூலின் பெருமை குன்றாது.

பாயிரத்துக்குரிய மற்ற செய்திகளைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். நுதலிய பொருள்: இங்கிலாந்தில், வூஸ்டர்ஷயரின் மால்வர்ன் ஊரில் செய்யப்பட்ட மோர்கன் த்ரீ வீலர். எல்லை: 2011இல் ஜெனீவா கண்காட்சியில் அது மறுபிறவி எடுத்தது முதல் 2021இல் அதன் உற்பத்தி நின்றது வரை. முற்பிறவியும் ஆங்காங்கே பேசப்படும். கேட்போர்: வாங்கத் துடிப்போரும் அவர்களைத் தடுக்க முனையும் வீட்டாரும். பயன்: கைப்பணம் தப்புதல்.

திணைமயக்க இயல்

இரண்டும் நான்கும் அன்றி இடைநின்று
வரியைக் குறைத்து வழக்கை வளர்த்து
உருளும் ஊர்தி மும்மை எனப்படும்.

இதன் பொருள் வெளிப்படை. ‘வரியைக் குறைத்து’ என்றதற்கு மட்டும் விளக்கம் வேண்டும்.

மனிதன் காருக்கு மூன்று சக்கரம் வைத்தது அழகுணர்ச்சியால் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். பொருந்தாது. எச்.எஃப்.எஸ். மோர்கன் என்பவர், ஒரு பாதிரியாரின் மகன், 1909இல் தமக்காக ஒற்றை இருக்கை வண்டி ஒன்றைச் செய்தார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, முன்மூக்கில் வி வடிவ இரட்டை சிலிண்டர் எஞ்சின். அடுத்த ஆண்டே லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைத்தார். எடை குறைவு, விலை குறைவு, ஓட்டம் கெட்டி. 1921க்குப் பிறகு பிரிட்டனில் காருக்குக் குதிரைத்திறன் கணக்கில் வரி விதித்தார்கள்; ஒரு குதிரைக்கு ஒரு பவுண்டு. எடை குறைந்த மூன்று சக்கர வண்டிக்கோ ஆண்டுக்கு மொத்தமே 4 பவுண்டு. ஒரு சக்கரத்தைத் துறந்தால் பாதி வரி மிச்சம் என்றால் நம்மவர்களும் கூசாமல் துறந்திருப்பார்கள். 1935இல் கார் வரியைக் குறைத்தார்கள். மறு ஆண்டே மோர்கன் நிறுவனம் நான்கு சக்கர வண்டியையும் கொண்டுவந்தது. மூன்று சக்கரம் அதன் பிறகு மெல்லத் தேய்ந்து 1952 வாக்கில் நின்றது. வரியில் வளர்ந்தது வரியால் தேய்ந்தது.

இன்றைக்கும் இந்தத் திணைமயக்கம் தீரவில்லை. அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதை மோட்டார் சைக்கிள் என்கின்றன, ஹெல்மெட் போடு என்கின்றன. சில மாநிலங்கள் ‘ஆட்டோசைக்கிள்’ என்று தனித்திணையே வகுத்து, கார் உரிமம் போதும் என்கின்றன. பொலாரிஸ் ஸ்லிங்ஷாட் என்னும் இன்னொரு மூன்று சக்கர வண்டியை வாங்கியவர்கள் அங்கே மாநில எல்லை தாண்டும்போது வண்டியின் சாதியே மாறிவிடுகிறது. ஆகவே வாங்குவோர் செய்ய வேண்டிய முதல் வேலை எஞ்சினைப் பார்ப்பதன்று. தம் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அதில் எந்த வகுப்பு இருக்கிறது என்று பார்ப்பது. இன்ஷூரன்ஸ்காரர் இதைக் காராகக் கொள்வாரா பைக்காகக் கொள்வாரா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

இந்தியாவுக்குக் கொண்டுவரலாமே என்று கேட்கும் மாணாக்கர் ஒருவர் எப்போதும் இருப்பார். பழைய வண்டி இறக்குமதிக்கான பொது விதி, செய்து மூன்றாண்டுக்கு மேற்படாத வண்டியைத்தான் அனுமதிக்கிறது. 2021இல் உற்பத்தி நின்ற வண்டிக்கு இந்தக் கணக்கு என்ன ஆகும் என்பதை மாணாக்கரே போட்டுப் பார்க்கலாம். ஐயம் தீர்ந்தது.

முக்கோண இயல்

மூன்று சக்கரம் என்றாலே கவிழும் என்பது பொதுமக்கள் கருத்து. அதற்கு மிஸ்டர் பீன் ஒரு காரணம். அவர் தம் மினியில் போகும்போதெல்லாம் இடித்துத் தள்ளும் அந்த நீல நிற வண்டி ஒரு ரிலையண்ட் ரீகல். அதற்கும் மோர்கனுக்கும் உள்ள வேறுபாடு, தலைகீழாய்ப் பிடித்த முறத்துக்கும் நேராய்ப் பிடித்த முறத்துக்கும் உள்ள வேறுபாடு. ரிலையண்டுக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. நம் ஆட்டோவும் அந்தக் குலமே. மோர்கன் அதைத் திருப்பிப் போட்டது.

மூன்று சக்கரமும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டியின் எடை அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை கவலையில்லை. வளைவில் பிரேக் போட்டால் எடை முன்னே தள்ளும். ஆட்டோவில் அது முக்கோணத்தின் கூர்முனையை நோக்கிப் போகிறது, ஆகவே உள்பக்கச் சக்கரம் எழும்புகிறது. நல்ல ஆட்டோக்காரர் திருப்பத்துக்கு முன்பே வேகம் தணித்து, திருப்பத்தில் பிரேக்கைத் தொடாமல் போவது இதனால்தான். இந்த இயலை எழுதத் தகுதியுள்ளவர் அவரே. மோர்கனில் எடை அகன்ற பக்கத்துக்குப் போகிறது. கனமான எஞ்சினும் அங்கேயே முன்னச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. அதனால் அது சுலபத்தில் கவிழாது. சுழலும். ஈரச் சாலையில் வளைவிலிருந்து வெளிவரும்போது ஆக்ஸிலரேட்டரை அவசரப்பட்டு மிதித்தால், இழுவை முழுதும் ஒற்றைப் பின்சக்கரத்தில், எடை குறைவாக உள்ள இடத்தில். வால் முந்திக்கொள்ளும். ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை, ஓட்டுபவரின் நிதானம் மட்டுமே உண்டு.

முன்னால் ஒற்றைச் சக்கரம் வைத்தும் பந்தய மிடுக்கோடு செய்ய முடியும் என்று வாதிட்ட ஒரு வண்டியும் உண்டு. 1970இல் வந்த பாண்ட் பக், ஆப்பு வடிவம், பளீரென்ற ஆரஞ்சு நிறம். கதவு இல்லை, கூரையே முன்பக்கமாகத் திறக்கும். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கர் ஓட்டும் மிதக்கும் வண்டிக்கு அடியில் இருந்தது இதன் அடிச்சட்டம்தான். பார்க்கப் பரவசம். வளைவில் ஆட்டோக்காரரின் நிதானம் இதற்கும் தேவை. வாங்குவோர் வாங்கலாம், இந்நூல் தடுக்காது, பரிந்துரைக்கவும் செய்யாது.

பின்சக்கர இயல்

முன்னழகு கண்டு முன்பணம் ஈந்தோர்
பின்னழ நேரும் பின்சக் கரத்தால்.

நூலின் நடுநாயகம் இச்சூத்திரம். மற்றவை அனைத்தும் இதற்கு அலங்காரம்.

இத்துறை அறிஞர்கள் இரு கட்சி. முதற்கட்சி முன்னழகுவாதிகள். வண்டிக்கு முன்னால் நின்று, மூக்கில் அம்மணமாய்த் தெரியும் அந்த எஸ்&எஸ் வி-ட்வின் எஞ்சினையே பார்ப்பார்கள். ஏறத்தாழ 2 லிட்டர், இரண்டே சிலிண்டர். ஸ்டார்ட் பட்டனுக்குப் போர் விமானத்தில் இருப்பது போல ஒரு மூடி. அதைத் தூக்கி அழுத்தினால் முழு வண்டியும் குலுங்கி எழும். அந்தக் குலுங்கலிலேயே செக் புத்தகம் வெளியே வந்துவிடும். இக்கட்சியார் விற்பவரின் செல்லப்பிள்ளைகள்.

இரண்டாம் கட்சி பின்சக்கரவாதிகள். இவர்கள் வந்ததும் பின்னால் போய்க் குந்திக்கொள்வார்கள். அரைமணி நேரம் எழுந்திருக்க மாட்டார்கள். விற்பவர் காபி கொடுத்தால் அங்கேயே குடிப்பார்கள். இந்நூலாசிரியர் இக்கட்சி.

காரணம் கேட்கில் சொல்லுவோம். முன்னால் பிறக்கும் சக்தி அத்தனையும் ஒரு நெடும்பயணம் செய்து பின்னால் வந்து சேர்கிறது. எஞ்சினின் இரண்டு சிலிண்டரும் விட்டுவிட்டுத் தருகிற உதையை முதலில் ஒரு காம்பென்சேட்டர் தாங்கிச் சமன்படுத்த வேண்டும். பிறகு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரிலிருந்து எடுத்த ஐந்து கியர்ப்பெட்டி. அப்புறம் ஒரு பெவல் பெட்டி. ஓட்டத்தைப் பக்கவாட்டில் திருப்புவது இது. கடைசியில் பல்லுள்ள ஒரு பெல்ட் அந்த ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆரம்ப ஆண்டு வண்டிகளில் காம்பென்சேட்டரும் பெவல் பெட்டியும் வாங்கியவர்களின் பொறுமையைச் சோதித்தன என்பது இந்த வட்டாரத்தில் அனைவரும் அறிந்தது. பிற்பாடு வலுவான பாகங்கள் வந்தன. ஆகவே பழைய வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி ‘மாற்றியாயிற்றா?’ என்பதன்று. ‘மாற்றிய பில் எங்கே?’ என்பது. வாய்ச்சொல்லுக்கு இந்த இயலில் இடமில்லை.

குந்திய நிலையில் செய்ய வேண்டியவை. பெல்ட்டின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே புகுந்த ஒரு சிறு ஜல்லி, ஊசி குத்தியது போல ஓட்டை போட்டுவிடும். வெளியிலிருந்து தெரியாது, ஒரு நாள் ஊருக்கு வெளியே தெரியும். பெல்ட்டின் ஓரத்தில் கறுப்புத் தூள் படிந்திருந்தால் அது நேராக ஓடவில்லை. பெவல் பெட்டியின் அடியில் விரலை வைத்துத் தடவுங்கள், எண்ணெய் ஒட்டினால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். பிறகு டயர். பின் டயரின் நடுப்பகுதி மட்டும் வழுக்கையாக இருந்தால் முந்தைய உரிமையாளர் காற்றை அளவுக்கு மேல் அடித்து ஓட்டியவர் என்று கொள்க. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது எளிய வேலையன்று. ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஒட்டுபவர் வண்டியைப் பார்த்துவிட்டு ‘இது என்ன சார்’ என்று கேட்கும் நேரத்தையும் கூலியோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனி, இந்தச் சக்கரம் ஓடும் இடம். இரு சக்கர வண்டி ஒரு தடத்தில் ஓடும். நான்கு சக்கர வண்டி இரு தடத்தில் ஓடும். மும்மை ஊர்தி மட்டும் மூன்று தடம் போடுகிறது. சாலையில் பள்ளத்தைக் கண்டு, இரு முன்சக்கரத்துக்கும் நடுவே விட்டுச் சாமர்த்தியமாகத் தாண்டினோம் என்று நினைக்கும் அந்த நொடியில் பின்சக்கரம் நேராக அதில் இறங்கும். அதற்குச் சற்று முன்னால்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேலும், மற்ற வண்டிகள் சொட்டிய எண்ணெயும் ஒதுக்கிய மணலும் சேர்வது சாலையின் நடுப்பட்டையில். இழுக்கும் சக்கரம் ஓடுவதும் அங்கேயே.

ஒர்க்‌ஷாப்பிலும் இதே வழக்கு. நான்கு கால் லிஃப்டில் ஏற்றினால் முன்சக்கரம் இரண்டுக்கும் பலகை உண்டு. பின்சக்கரத்துக்கு நடுவில் காற்று மட்டுமே. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் குழி வெட்டிய ஒர்க்‌ஷாப் என்றால் இன்னும் விசேஷம்: முன்சக்கரங்கள் குழியின் இருபுறமும் அழகாகக் கடந்துபோகும். மூன்றாவது என்ன செய்யும் என்று யோசிக்காத மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பிரிட்டனின் எம்ஓடி சோதனைக்கு, அதாவது நம் ஊர் எஃப்சிக்கு ஒப்பானதற்கு, கொண்டுபோகும் முன் ‘மூன்று சக்கரம் பார்ப்பீர்களா?’ என்று போன் போட்டுக் கேட்பது வழக்கம்.

உடன்செல்வோர் இயல்

சிறிய இயல், இடமும் சிறிது. இருவர் தோளோடு தோள் உரச உட்காரலாம்; மனத்தாங்கல் உள்ள தம்பதியர் சமாதானமான பிறகு ஏறுவது நல்லது. கதவில்லாததால் பக்கச்சுவரைத் தாண்டி, இருக்கை மேல் கால் வைத்து உள்ளே சறுக்க வேண்டும். வேட்டி, புடவை இரண்டும் இதற்கு எதிர்க்கட்சி. எக்ஸாஸ்ட் குழாய் வண்டியின் பக்கவாட்டில் வெளியிலேயே ஓடுகிறது. இறங்கும்போது கெண்டைக்கால் கவனம். பெடல்கள் நெருக்கமாக இருப்பதால் அகன்ற ஷூ போட்டவர் பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பார்.

மழைக்கு மறைப்பு இல்லை என்பதன் விளைவு ஆட்களோடு நிற்பதில்லை. உடலின் உள்சட்டம் ஆஷ் மரம். இருக்கை மெத்தையைத் தூக்கி, அடியில் கை வைத்து, ஈரமும் புழுக்க வாடையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வீடு வாங்கும்போது மூலைச்சுவரை முகர்ந்து பார்ப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1930களின் முற்பிறவி வண்டியே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் வி-ட்வின் வண்டிகளுக்கு ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டீயரிங் மேல் ஒரு கைப்பிடியாக இருக்கும். பழைய இரண்டு-கியர் வண்டிகளுக்கு ரிவர்ஸும் கிடையாது. இறங்கித் தள்ள வேண்டும். வாங்கும் முன் யாராவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட ஆளே கிடைக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

புறனடை

மால்வர்ன்காரர்களே 2022இல் சூப்பர் 3 என்று புதியது கொண்டுவந்தார்கள். ஃபோர்டின் மூன்று சிலிண்டர் எஞ்சின், அலுமினிய உடல். எஞ்சினை உடலுக்குள் மறைத்துவிட்டார்கள். முன்னழகுவாதிகள் துக்கம் அனுசரித்தனர். பின்சக்கரவாதிகள் வழக்கம் போலப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார்கள்.

தீர்ப்பு: இதை ஒரே வண்டியாக வைத்துக்கொள்பவர் வாங்க வேண்டாம். வீட்டில் கூரையுள்ள வேறொரு வண்டியும், பூட்டும் ஷெட்டும், மூன்று சக்கரத்துக்கு முகம் சுளிக்காத மெக்கானிக்கும் உள்ளவர் வாங்கலாம். பெவல் பெட்டிக்கும் காம்பென்சேட்டருக்கும் பில் இல்லாத வண்டியை, அவற்றைப் புதிதாகப் போடும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். பார்க்கப் போவதை மழைநாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ‘இன்றைக்கு வேண்டாமே, வெயில் அடிக்கும்போது வாங்களேன்’ என்று விற்பவர் இழுத்தால், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.