குரோம் டிரைவருக்குப் பெண் பார்த்தது

கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை ரேஷன் கடையில் போன மாதம் நடந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி தன் முறை வந்ததும் என் கையைப் பிடித்திழுத்து, என் கட்டைவிரலை அந்த மெஷின்மேல் வைத்து அழுத்தினான். மெஷின் கத்தியது. கடைக்காரர் முறைத்தார். வெளியே வந்ததும் கேட்டேன், என்னடா இது என்று.

"தப்பான விரலுக்கும் அரிசி தருதான்னு பாத்தனுங்கண்ணா."

இப்படியோர் இனம் இப்போது எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு முளைத்திருக்கிறது. ஏடிஎம்மில் பணம் வரும் நேரத்தில் கேன்சலை அமுக்குவார்கள். பூட்டிய கதவைத் தள்ளிப் பார்ப்பார்கள். தள்ளியது போதாதென்று இழுத்தும் பார்ப்பார்கள். கல்யாண மொய்க் கவரில் பெயர் எழுதும் இடத்தில் எத்தனை எழுத்து கொள்ளும் என்று எண்ணுவார்கள். டெஸ்டர் என்று பெயர்.

தம்பிக்குக் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் வேலை. உட்காருவது என்னவோ வீட்டுத் திண்ணையில். பிஎச்பியில் எழுதிய முன்பதிவுத் தளம் ஒன்றைப் பரிசோதிப்பது அவன் பிழைப்பு. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் சொந்தப் பக்கத்துக்காக 1994-இல் கிறுக்க ஆரம்பித்ததுதான் பிஎச்பி. 'பர்சனல் ஹோம் பேஜ்' என்பதுதான் அதன் பழைய விரிவு. வீட்டுக்கென்று கொட்டகை போட்டவர், அதில் பாதி உலகம் குடியேறும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அவன் வேலையை எனக்கு அவனே விளங்கவைத்தான். சாம்பாரைத் தனியாக நாக்கில் விட்டுப் பார்ப்பது ஒரு சோதனை, சாதம் வெந்ததா என்று நசுக்கிப் பார்ப்பது இன்னொன்று. இவன் செய்வது பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, மோர் வரைக்கும் சாப்பிட்டு எழுவது. ஆனால் உட்காருவது இவனல்ல. நிஜமான குரோமை ஒரு நிரல் திறந்து, பெயர் அடித்து, பொத்தானைத் தட்டி, 'நன்றி' என்று திரையில் வந்ததா என்று பார்க்கும். பிஎச்பியின் லாரவெல் சட்டகத்தில் இதற்கென்று 2017-இல் வந்த கருவிக்கு 'டஸ்க்', அதாவது அந்தி, என்று பெயர். தம்பி அந்தியில் ஓட்டிவிட்டால் முடிய விடிந்துவிடும், பெயர் பொருத்தம்தான்.

டஸ்க் குரோமை ஓட்ட குரோம்டிரைவர் என்று ஒன்று வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. குரோம் சில வாரத்துக்கொரு முறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். டிரைவர் பழசாகவே கிடப்பார். இரண்டுக்கும் பதிப்பு எண் ஒத்துவராவிட்டால் வண்டி கிளம்பாது. ஆகவே மாதம் தவறாமல் ஒருநாள் காலையில் எங்கள் தெருவுக்கே கேட்கும்படி, "டிரைவர் மாத்தோணும், டிரைவர் மாத்தோணும்" என்று புலம்புவான். கல்யாணத் தரகர் அப்படியொரு காலையில்தான் வந்தார். எங்கள் வாளையாறு பக்கம் டிரைவர் என்றால் லாரி ஓட்டுபவர் என்ற ஒரே அர்த்தம்தான். நாலைந்து ஜாதகம் அந்தக் கணக்கில் திரும்பிப் போனதென்று பிற்பாடு தெரிந்தது.

இன்னொரு நாள் போனில், "ஹெட்லெஸ்ல ஓட்டினா நல்லா ஓடுது, தலையோட ஓட்டினாத்தான் விழுவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரையில் ஜன்னல் காட்டாமல் உலாவியை ஓட்டுவதற்கு ஹெட்லெஸ் என்று பெயர். போன் பேச்சைக் கேட்ட அவன் அம்மிச்சி அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள்.

அம்மிச்சிக்கும் அவனுக்கும் ஓயாத சண்டை ஒரு சொல்லால். "பாஸ் ஆயிருச்சு" என்று அவன் கத்தினால், "எந்தப் பார்டருக்கு?" என்பாள். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், பாஸ் இல்லாமல் வாளையாறில் வெயிலில் நின்ற கூட்டத்தை டிவியில் பார்த்தவள். அவளுக்குப் பாஸ் என்றால் அந்தக் காகிதம்தான். அவனுக்கோ சோதனை தேறினால் பாஸ். மேலதிகாரியும் பாஸ். பக்கம் திறக்க நேரமானால் நிரலைச் சற்று நிறுத்திவைக்கும் கட்டளையும் பாஸ். தமிழில் எழுதினால் நாலும் ஒன்றுதான். உண்மையைச் சொன்னால், பாஸ் போட்டதால்தான் பாஸ் ஆகிறது, அதைத்தான் பாஸிடம் காட்டுகிறான். இன்னது திரையில் வரும்வரை காத்திரு என்று சொல்வதே முறையான வழி. கேட்டது வராவிட்டால் டஸ்க் ஐந்து விநாடி பார்த்துவிட்டுக் கைவிடும். இது தெரிந்தும் குத்துமதிப்பாகப் பத்து விநாடி தூங்கவைப்பான். தொழில் ரகசியம், நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

ஒருமுறை மட்டும் அவன் முகம் வெளிறிப் பார்த்தேன். டஸ்கில் சோதனை நிரல் வேறு, உலாவி தட்டுகிற வாசல் வேறு. ஆகவே நடந்ததை ரப்பர் போட்டு அழித்துவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் அட்டவணைகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது வழக்கம். அதற்காகத் தனித் தரவுத்தளம் வைத்து, இன்ன இடத்தில் இடி என்று ஒரு கோப்பில் எழுத வேண்டும். தம்பி எழுத மறந்தான். கூட வேலை பார்க்கும் பெண் மூன்று வாரம் உட்கார்ந்து சேர்த்த மாதிரித் தரவெல்லாம் மண்ணோடு மண். ஆனால் சோதனை பாஸ்.

இப்படியிருக்க, மறையூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் பெண் பார்க்கப் போக, கோபாலபுரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, சின்னாறில் மறுபடி கேரளம். வழி நெடுக போன் டவர் மாறிக்கொண்டே இருந்தது. சின்னாறுக் காட்டில் அதுவும் இல்லை. யானைச் சாணியை மட்டும் பார்த்தோம். "ஓடிபி எந்த மாநிலத்துல வந்து விழும்ங்கண்ணா?" என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தான்.

பெண்ணின் அப்பாவுக்குக் கரும்பும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையும் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் வெல்லம் தட்டில் உருண்டை உருண்டையாக வந்தது. பெண் அட்சய மையத்தில் இருக்கிறாள். 2002-இல் மலப்புறத்தில் தொடங்கி கேரளம் முழுக்கப் பரவிய மையங்கள். சான்றிதழோ விண்ணப்பமோ, எதுவானாலும் ஜனம் அங்கேதான் வந்து நிற்கும்.

தம்பி தொழில் பேச்சை எடுத்தான். "எந்த பிரவுசர்ல பாப்பீங்க?"

"எது திறக்குதோ அதுல."

"சப்மிட் குடுத்ததும் சுத்திக்கிட்டே இருந்தா?"

"ரெண்டாவது தடவை அமுக்க மாட்டேன். காசு ரெண்டு தடவை போயிடும். வந்தவங்களை உட்கார வெச்சு, அவங்க வீட்டு மாட்டைப் பத்திக் கேட்பேன். கதை முடியறதுக்குள்ள ரசீது வந்துடும்."

"எத்தனை நேரம் காத்திருப்பீங்க?"

"அது மாட்டைப் பொறுத்துதுங்க."

அவளே தொடர்ந்தாள். முருகன் என்றொருவர் வந்தால் ஓர் அட்டையில் எம். முருகன், இன்னொன்றில் முருகன் எம், மூன்றாவதில் புள்ளி கிடையாது; படிவமோ குடும்பப் பெயர் கேட்கும், ஓரெழுத்துப் போட்டால் தள்ளிவிடும். எழுதியவர்களுக்கு இனிஷியல் என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்றாள். தம்பி ஆறு வருஷமாக 'ஜான்', 'டோ' என்று அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பவன். வாய் திறக்கவில்லை.

"நீங்க ஓட்டுறது ஃபெயில் ஆனா என்ன செய்வீங்க?" என்று அவள் கேட்டாள்.

"மறுபடி ஓட்டுவேன்."

"அதுவும் ஃபெயில் ஆனா?"

"மறுபடியும் ஓட்டுவேன்."

"மூணாந்தடவை பாஸ் ஆனா?"

"பாஸ்னு எழுதிருவேன்."

"அப்ப மொத ரெண்டு தடவை என்ன ஆச்சு?"

காப்பி டம்ளர் சாய்ந்து சட்டையெல்லாம் கறை. பேச்சு அதோடு நின்றது.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். "பொண்ணு இன்னும் முடிவு சொல்லலைங்க. ஒருக்காப் பாத்ததை வெச்சுச் சொல்ல முடியாதாம். போனமாதிரியே, அதே நேரத்துக்கு, அதே சட்டையில வரச் சொல்லுது."

தம்பி திண்ணையிலிருந்து எழுந்து கொல்லைப்புறம் ஓடினான். கொடியில் சட்டை வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா தொவச்சீங்க!" என்று அவன் கத்தியது எதிர்ச்சாரி வரைக்கும் கேட்டது.