பறக்கறதுக்கு முன்னாடி இ-பாஸ் எடுத்துருங்க

தம்பி, சூப்பர் ஹீரோ தொடரோட அடுத்த சீசனை எங்க குன்னூர்ப் பக்கம் வந்து எடுக்கலாம்னு ஆசைப்படற டைரக்டர் யாரா இருந்தாலும் சரி, ஒரு டீ குடிக்கிற நேரம் இந்தக் கெழவன் பேச்சையும் கேட்டுட்டுப் போங்க. காசா, பணமா? தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்துக் கத்தி புடிச்சே தேஞ்ச கை இது, கேமரா புடிச்சதில்லை. ஆனா கேமரா புடிச்சவங்க எத்தனையோ பேரு இந்த மலைக்கு நெஞ்சை நிமிர்த்திட்டு வந்து, மூக்கு ஒழுக எறங்கிப் போனதைப் பார்த்திருக்கேன்.

எங்க மலை லேசுப்பட்ட நடிகன் இல்லீங்க. 'ரோஜா' எடுத்தப்போ காஷ்மீருக்குப் போற நெலமை இல்லை. குன்னூரும் ஊட்டியும் மணாலியோட சேர்ந்து காஷ்மீரா நடிச்சுக் குடுத்துச்சு. டேவிட் லீன்னு ஒரு வெள்ளைக்கார டைரக்டர், 1984-ல வந்த 'எ பாசேஜ் டு இந்தியா' படத்துல எங்க மலை ரயிலை வடநாட்டு ரயில்னு காட்டினாரு, உலகமே நம்புச்சு. 'மூன்றாம் பிறை'யில கமல் கேத்தி ஸ்டேஷன்ல குட்டிக்கரணம் போட்டு ஊரையே அழவெச்சாரு. இவ்வளவு நடிச்சும் இந்தப் பக்கத்துக்கு ஆஸ்கார் வாங்கிக் குடுத்தது என்னவோ ஒரு யானைக்குட்டிதான். தெப்பக்காட்டுல பொம்மனும் பெள்ளியும் அதை வளர்த்த கதையைக் கார்த்திகி கொன்சால்வெஸ் படமா எடுத்தாங்க, 2023-ல பரிசு வந்துச்சு. அதுல யாரும் பறக்கலை. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

முதல்ல நடைமுறை. 2024 மே 7-லிருந்து, ஐகோர்ட்டு உத்தரவுப்படி, வெளியூர் வண்டி இ-பாஸ் இல்லாம மலை ஏற முடியாது. வண்டி நம்பர் என்ன, எத்தனை பேரு, எத்தனை நாள், எங்க தங்கறீங்க, எல்லாம் கேக்கும். நம்மாளு ஆகாசத்துல வர்றவராச்சே, அவருக்கு எதுக்குன்னு நெனைப்பீங்க. கல்லாறு செக்போஸ்ட்டுல அதைச் சொல்லிப் பாருங்க. "சரிங்க, எறங்கற எடம் எது? பையில பிளாஸ்டிக் பாட்டில் இருக்குங்களா?"ன்னு கேப்பாங்க. அவங்க பொழப்பு அது. இன்னொன்னு, ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் அரசுப் பூங்காவுல ஷூட்டிங்குக்குத் தடை போடறது வழக்கம். கூட்டம் கொறைஞ்ச பிறகு செப்டம்பர், அக்டோபர்ல வரலாம். ஆனா குன்னூருக்கு வடகிழக்கு மழை அதை ஒட்டித்தான் வரும், சொல்லிட்டேன்.

உங்க கதையில ரயில் சீன் இல்லாம இருக்காது. மலை ரயில் தறிகெட்டு வருது, உள்ள பள்ளிக்கூடப் புள்ளைங்க அலறுது, வீரன் தண்டவாளத்துல குதிச்சு எஞ்சின் மூஞ்சியில ரெண்டு கையையும் குடுத்து நிறுத்தறாரு. அப்படித்தானே? அதுல ஒரு சின்னச் சிக்கல். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறி வர்ற வரைக்கும் நீராவி எஞ்சின் முன்னால இருக்காது. பின்னால நின்னு பெட்டிகளைத் தள்ளிட்டு வரும். கல்லாறு தாண்டினா தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச ஜோடிப் பட்டை ஓடும், எஞ்சினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். முன்பெட்டி முகப்புல கொடியோட நிக்கிறது பிரேக்ஸ்மேன். பெட்டிக்கு ஒருத்தர் அப்படி இருப்பாரு. உங்க வீரன் கர்ஜிச்சுட்டு எதிர்ல நின்னா, வர்றது புகை கக்கற இரும்பு இல்லை, ஒரு பிரேக்ஸ்மேன். "ஓரமா நில்லு கண்ணு"ம்பாரு.

வேகமும் மணிக்கு 10 கிலோமீட்டர் சொச்சம்தான். அடிவாரத்துல இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஏறி முடிக்க அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். 1998-ல வந்த 'தில் சே' பாட்டுல அதே ரயில் கூரை மேல ஆடினாங்களே, பார்க்கறதுக்கு என்ன வேகமா இருக்கும்! அங்கயும் மலைக்கா அரோரா இடுப்புல கயிறு கட்டித்தான் ஆடினாங்களாம், அவங்களே பின்னாடி சொன்னது.

சீனை வேணாம்னு சொல்லலை, திருப்பி எழுதுங்கன்னு சொல்றேன். இந்த ரயில்ல ஏத்தத்துக்குப் பயமில்லை, எறக்கத்துக்குத்தான் பயம். பன்னெண்டு அடிக்கு ஒரு அடி எறக்கம். 1899-ல குன்னூர் வரைக்கும் பாதை போட்ட நாள்ல இருந்து, எறங்கற வண்டியைப் புடிச்சு வெக்கிறதுதான் இங்க வித்தை. ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு மனுஷன் கையால பிரேக்கைப் புடிச்சுட்டு, முன்னால இருக்கறவன் கொடியையே பார்த்துட்டு வர்றாரு. உங்க வீரனை அந்த வரிசையில ஒரு ஆளா நிக்க வெய்யுங்க. ஒரு பிரேக்ஸ்மேன் மயங்கி விழுந்துட்டாரு, அவர் பிரேக்கை இவன் புடிக்கணும், சக்தியை முழுசாக் காட்டினா லீவரே பிஞ்சு கையோட வந்துரும், அளவாப் புடிக்கணும். பார்க்கறவன் சீட்டு நுனிக்கு வந்துருவான். செலவும் கம்மி.

அளவுன்னு சொன்னேன் பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. எம் பேத்தி கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கறா. அவதான் 'ஹீரோஸ்'னு ஒரு அமெரிக்கத் தொடரைப் போன்ல போட்டுக் காட்டினா. 2006-ல என்.பி.சி. சேனல்ல ஆரம்பிச்சது. அதுல மெட்ராஸ்ல இருந்து போற ஒரு பேராசிரியர் வர்றாரு, நடிச்சது செந்தில் ராமமூர்த்தி. நம்மூருன்னதும் நான் நிமிர்ந்து உக்காந்தேன். அவருக்கு அவங்க வெச்ச பேரு மொஹிந்தர் சுரேஷ். மெட்ராஸ்ல எந்தத் தெருவுல மொஹிந்தர் இருக்கான்? சரி, அமெரிக்காக்காரன் ஆராய்ச்சி அவ்வளவுதான்னு விட்டுட்டேன்.

முதல் சீசன் 23 பகுதி, ஜனங்க வாயைப் பொளந்துட்டுப் பார்த்தாங்க. ரெண்டாவதுல சறுக்குச்சு. காலத்தை நிறுத்தற ஜப்பான்காரப் பையன் ஒருத்தன், அருமையான பாத்திரம். அவனைக் கொண்டுபோய் பழங்கால ஜப்பான்ல விட்டு, வாரம் வாரம் அங்கயே சுத்தவிட்டாங்க. தொடரை உருவாக்கின டிம் க்ரிங், ஆமா ரொம்ப இழுத்துட்டோம்னு பத்திரிகைக்காரங்ககிட்டயே ஒத்துக்கிட்டாரு. அந்த நேரம் பார்த்து 2007 நவம்பர்ல அங்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். 11 பகுதியோட சீசனை மூட்டை கட்டினாங்க. 2010-ல தொடரே படுத்துருச்சு.

எல்லாரும் வேலைநிறுத்தத்து மேல பழியைப் போடறாங்க. எனக்கென்னமோ பீட்டர்ங்கற பையன் மேலதான் சந்தேகம். பக்கத்துல யாரு நின்னாலும் அவங்க சக்தி இவனுக்கு வந்துரும். பறப்பான், மறைவான், காலத்தைத் தாண்டுவான், வெட்டினாலும் காயம் ஆறிரும். அப்புறம் அவனுக்கு எதைக் காட்டிப் பயமுறுத்தறது? கடைசியில எழுதறவங்களுக்கே பயம் வந்துருச்சு. இருந்த சக்தியை எல்லாம் புடுங்கிட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு சக்திதான்னு ரேஷன் கார்டு மாதிரி அளந்து குடுத்தாங்க.

இதை எங்க கருப்பசாமிகிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாரு. அவரு எல்லைச் சாமி. ராத்திரி குதிரையேறி ஊரைச் சுத்துவாரு, அரிவாளைச் சும்மா புடிச்சிருக்கலை. ஆனா பக்கத்து ஊர் வழக்குல தலையிட மாட்டாரு, அங்க வேற ஒருத்தர் இருக்காரு. பிரபஞ்சத்தைக் காப்பாத்தறேன்னு கருப்பன் என்னைக்காவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? வருஷத்துக்கு ஒரு கெடா, ஒரு சுருட்டு, இந்தக் கல்லுல இருந்து அந்தக் கல்லு வரைக்கும். ஒப்பந்தம் அவ்வளவுதான், அதுக்கே ஊர் நடுங்குது. தொண்ணூறுகள்ல சன் டிவியில இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா எடுத்த 'விடாது கருப்பு' வந்தப்போ, விளக்கை அணைச்சுட்டுப் பார்க்க எங்க தோட்டத்து லைன் வீடுங்கள்ல ஒருத்தனுக்கும் தைரியம் கெடையாது. அதுலயும் பாருங்க, 'மர்மதேசம்'ங்கற ஒரே தலைப்பு, ஒவ்வொரு தடவையும் புதுக் கதை, புது ஊரு. செத்த வில்லனோட தம்பி, தம்பியோட மச்சான்னு இழுக்கலை.

சக்திக்கு அளவு வெச்ச இன்னொருத்தர், இரும்புக்கை மாயாவி தெரியுமா? 1972-ல சிவகாசி முத்து காமிக்ஸ்ல தமிழ் பேச ஆரம்பிச்சவரு. கரண்ட் பாய்ஞ்சாத்தான் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். இது 1932-லயே பைகாராவுல மின்சாரம் எடுத்த மலை. இருந்தாலும் காத்தடிச்சு மரம் சாஞ்சா எங்க லைன் வீட்டுல ராவெல்லாம் மெழுகுவத்திதான். மாயாவி இங்க குடிவந்தா ஆடி மாசம் முழுக்கத் திண்ணையில உக்காந்திருக்க வேண்டியதுதான். அந்த மாயாவியை எடுங்க, நான் பார்க்கறேன்! மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளாக்காரங்க புத்திசாலிங்க. 2021-ல 'மின்னல் முரளி'யில பேசில் ஜோசப் ஒரு தையல்காரனை வீரனாக்கினாரு, அதே ஊர்ல அதே மின்னல் அடிச்ச இன்னொருத்தனை எதிரியாக்கினாரு. எதிரியா நடிச்சது நம்ம குரு சோமசுந்தரம். சண்டை முடியற வரைக்கும் யாரும் ஊர் எல்லையைத் தாண்டலை.

நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். முதல் சீசன்ல ஊரை அழிக்க வந்தவன், ரெண்டாவதுல நாட்டை அழிக்க வருவான், மூணாவதுல கிரகத்தை. வேணாம் தம்பி. பெரிய எதிரி வேணும்னா நானே தர்றேன்: பச்சைத் தேயிலை விலை. மாசாமாசம் தேயிலை வாரியம் அறிவிக்கறப்ப சிறு விவசாயி வீட்டுல ஒரு நிசப்தம் விழும் பாருங்க, எந்தப் பின்னணி இசையும் கிட்ட வராது. விண்கல்லைக் கையில தாங்கற உங்க ஆளை, கிலோவுக்கு ரெண்டு ரூவா ஏத்தித் தரச் சொல்லுங்க. நாலு சீசன் ஓடும், அவனும் தோத்துட்டே இருப்பான்.

ஒன்னை மட்டும் கிண்டல் இல்லாமச் சொல்லிடறேன். 1997-ல தூர்தர்ஷன்ல 'சக்திமான்' வந்தப்போ, எங்க லைன்ல டிவி இருந்த வீட்டு வாசல்ல செருப்பு குவிஞ்சு கெடக்கும். இந்தி ஒரு எழுத்து தெரியாது. முகேஷ் கன்னா சுத்தினா புள்ளைங்களும் சுத்தும், தலை கிறுகிறுத்து ரோஜாச் செடியில விழும். அவரு சாதாரண ஆளா வர்ற கங்காதர்னு ஒரு வேஷம், பல்லு எடுப்பா, கண்ணாடி போட்டு, தடுமாறித் தடுமாறி. புள்ளைங்க சக்திமானைக் கும்பிட்டாங்க, கங்காதரைத்தான் கொஞ்சினாங்க. ஆனா ஆபத்துன்னா சக்திமான் வந்துருவாருன்னு நம்பி அங்கங்க பிள்ளைங்க ஆபத்தைத் தேடிப் போயிட்டதா செய்தி வந்து நாடு பூரா சர்ச்சையாச்சு. பகுதி முடிஞ்சதும் முகேஷ் கன்னாவே நேரா நின்னு பிள்ளைங்களுக்குப் புத்தி சொல்லுவாரு. அதனால உங்க வீரனை டால்ஃபின்ஸ் நோஸ், லேம்ஸ் ராக் மலை முகட்டுல இருந்து குதிக்க விடாதீங்க. டூரிஸ்ட்டுக்கு அது போட்டோ எடுக்கற எடம். எங்க தோட்டத்துப் புள்ளைங்களுக்கு அது வீட்டுக்குப் பக்கம்.

மத்ததெல்லாம் சில்லறை விஷயம். புகை மெஷின் கொண்டு வராதீங்க, மூணு மணிக்கு மேல மூடுபனி தானா வரும். க்ளோசப்ல வந்து வைட் ஷாட்ல போயிரும், கன்டினியூட்டி பார்க்கற பையன் அழுவான், அழவிடுங்க. காட்டெருமை ரோட்டுல நின்னா ஹாரன் அடிக்காதீங்க, ஹீரோவையும் முன்னால அனுப்பாதீங்க. மழைக்காலத்துல சோலைக்குள்ள எடுத்தீங்கன்னா அட்டை. உங்க வீரன் போடற உடம்போட ஒட்டின சட்டைக்கு ஜிப்பு முதுகுல இருக்கும். அட்டை கணுக்கால் வழியா மேல ஏறும். கூட இருக்கறவங்க உப்பு தேடறதுக்குள்ள, ரெண்டு பேரு சேர்ந்து அந்த ஜிப்பை எறக்கறதுக்குள்ள, அது வயிறு நெறைஞ்சு தானாவே விழுந்துரும். அந்த ஷாட்டை வெட்டாம வெச்சுக்குங்க, என் பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பா.

அப்புறம், கூட்டத்துல நிக்க எங்க லைன் பொம்பளைங்களைத்தான் கூப்பிடுவீங்க. கொழுந்துக் கூடையோட சிரிச்சுட்டே நடந்து வரச் சொல்லுவீங்க. அன்னைக்கு அவங்களுக்குத் தோட்டத்துச் சம்பளம் கெடையாது. பேட்டாவை அன்னைக்குச் சாயங்காலமே கையில குடுத்துருங்க, உங்க மேனேஜர் மேட்டுப்பாளையம் போயிருக்காருங்கற கதை இங்க பழசு. கெழவன் வேஷம் ஏதாச்சும் இருந்தா எனக்கும் சொல்லியனுப்புங்க. பறக்க மாட்டேன், கயிறும் கட்டிக்க மாட்டேன், வசனத்தை நானே சொல்லிக்குவேன். அதுக்குத் தனியாக் காசு.