தாத்தா எங்கே, நெட் அங்கே

கும்பகோணத்தில் ஒரு பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கடைசியில் அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். பிற்காலத்தில் வைஃபை என்று ஒன்று வந்து இதைத் துளைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று அன்றைய கொத்தனார் யோசித்திருக்க நியாயமில்லை. அந்த வீட்டில் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், ‘நம்மவர்’ என்போம். இந்தக் கட்டுரையை எழுதுகிறவர் தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான், அதனால் விவரங்களில் பிழை இருக்காது.

சென்ற கோடையில் சிங்கப்பூரிலிருக்கும் மகன், அம்மாவுக்கென்று ஒரு டேப் அனுப்பினான். பத்து அங்குலத் திரை. பெட்டியைப் பிரித்ததும் நம்மவர் செய்த முதல் காரியம், சிம் ஊசியை எடுத்துக்கொண்டு துளை தேடியது. தலைமாட்டில் ஒரு பொடித் துளை அகப்பட்டது. குத்தினார். தட்டு வெளியே வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

“தாத்தா! அது மைக்!” என்று விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி அலறிய அலறலில், மாடியில் குடியிருக்கும் பிள்ளை இறங்கி வந்துவிட்டான். அவன்தான் டேப்பைத் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான்: “சார், இது வைஃபை மட்டும். இதுக்கு சிம்மே கிடையாது.”

இது மகனின் கஞ்சத்தனமல்ல, உலக வழக்கு. 2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை மேடையில் காட்டியபோதே இரண்டு சாதியாகத்தான் காட்டினார். வைஃபை மட்டும் உள்ளது 499 டாலரில் தொடங்கியது, சிம் போடும் வசதி வேண்டுமென்றால் மேற்கொண்டு 130 டாலர். டேப் வாங்குகிற பலரும் அந்த மேற்கொண்டு தொகையைப் பார்த்து ஒரு நிமிடம் பெருமூச்சு விட்டு, ‘வீட்டில்தானே இருக்கப்போகிறது’ என்று மலிவானதை எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சம் பிடித்த அந்தப் பணத்தின் வட்டியைத்தான் வீட்டிலிருக்கும் போன் கட்டுகிறது. அதே 2010-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 போனையே வைஃபை பெட்டியாக்கிக் கொடுத்தது. மறு ஆண்டு ஐபோனும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

“ஹாட்ஸ்பாட் போட்டா போதும் தாத்தா” என்றாள் பேத்தி. அவள் 2020-இல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, அப்பா போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டாம் வகுப்பு படித்து முடித்தவள். போனை வாங்கினாள், மேலிருந்து கீழே இழுத்தாள், ஒரு படத்தைத் தொட்டாள். “பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்?”

முப்பத்தொன்பது வருடம் லாக்கர் சாவியோடு வாழ்ந்தவரிடம் இதைக் கேட்டிருக்கக் கூடாது. எட்டு எழுத்தாவது வேண்டுமாம். நம்மவர் இருபத்திரண்டு வைத்தார். குலதெய்வத்தின் பெயர், பென்ஷன் எண்ணில் பாதி, நடுவில் இரண்டு ஆச்சரியக்குறி. மறந்துவிடுமே என்று கைக்கெட்டிய தினசரி காலண்டரில், அன்றைய தேதித் தாளின் ஓரத்தில் எழுதியும் வைத்தார். மறுநாள் காலை அந்தத் தாளை வழக்கம்போல் மனைவி கிழித்தார். கிழித்த தாளில் வழக்கம்போல் விபூதி மடித்தார். அந்த மடிப்பு வழக்கம்போல் மாடி வீட்டுக்குப் போயிற்று.

சரி, நெட் வந்தது. நம்மவரின் மனைவி அடுக்களை மேடையில் டேப்பைச் சாய்த்து வைத்து, முந்தைய நாள் தவறவிட்ட தொடரைப் பார்க்க ஆரம்பித்தார். மாமியார் வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது.

“ஏங்க! எங்க போயிட்டீங்க?”

நம்மவர் தெருமுனையில் இருந்தார். ஓய்வூதியர் சங்கத்திலிருந்து போன் வந்தால் அவரால் உட்கார்ந்து பேச முடியாது. கூடத்தில் தொடங்கிய பேச்சு ரேழியைத் தாண்டி, திண்ணையில் இறங்கி, அகவிலைப்படி என்ற சொல் வந்ததும் தெருமுனைக்குப் போய்விடும். போன் போகிற இடத்துக்கு நெட்டும் போகும். முன்பெல்லாம் கிணறு வீட்டிலேயே இருந்தது, மனுஷர்தான் போய் வந்தார். இப்போது கிணறு சட்டைப் பையில் ஏறிக்கொண்டு வாக்கிங் போகிறது. அன்று முதல் வீட்டில் அவருடைய நடமாட்டத்துக்கு மதிப்புக் கூடிவிட்டது. இருபது வருடமாக ‘எங்கே போறீங்க’ என்று கேட்காத மனைவி, அவர் செருப்பைத் தொட்டாலே கேட்கிறார்.

மாடிப் பிள்ளை வைத்தியம் சொன்னான். ஹாட்ஸ்பாட்டுக்கு இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக ஓடும், ஆனால் சுவரைக் கண்டால் மூச்சு வாங்கும். 2.4 மெதுவாகப் போனாலும் சுவரைத் தாண்டும். இந்தச் சுண்ணாம்புச் சுவருக்கு 2.4-தான் சரி என்று மாற்றிவிட்டுப் போனான். போனைக் கூடத்து ஸ்டூலில் வைத்தாலே அடுக்களைவரை படம் ஓடியது. பால் சுட வைக்க மைக்ரோவேவைத் திருகும்வரை ஓடியது என்று சொல்ல வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4-இல்தான் வேலை செய்கிறது. அடுப்பிலிருந்து கசியும் சிறு அலைகூடப் பக்கத்திலிருக்கும் டேப்பின் காதை அடைத்துவிடும். ஆக, பால் சுடுகிற இரண்டு நிமிடம் மாமியார் மௌனவிரதம்.

இன்னொரு சிக்கல், சூடு. டவரிடம் நெட் வாங்கி அதை வைஃபையாகப் பிரித்துக் கொடுப்பது போனுக்கு இரட்டை உழைப்பு. மே மாத வெயிலில் அது இட்லிக் கொப்பரையைத் தொட்ட மாதிரி சுட்டது. மனைவி யோசித்து, மண்பானையின் மூடிமேல் ஈரமில்லாத துணியை மடித்துப் போட்டுப் போனை அதன்மேல் படுக்க வைத்தார். செல்போன் சர்வீஸ் செய்கிறவர் யாரும் இதைச் சிபாரிசு செய்வாரா தெரியாது. போன் குளிர்ந்தது என்பது மட்டும் உண்மை.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய விவகாரம் நான்காம் நாள் காலை எட்டரை மணிக்கு வந்தது. அன்றைய 2 ஜிபி முழுவதும் தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி. யாரும் இன்னும் டேப்பைத் தொடக்கூட இல்லை.

2 ஜிபி என்பது சின்னத் தொகையா? கல்லூரி மாணவர்களின் ஆன்லைன் வகுப்புக்கென்று 2021 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த இலவச டேட்டாவே நாளுக்கு 2 ஜிபிதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து சந்தையைப் புரட்டிப் போடுமுன், ஒரு ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து, அதை ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டவர் நம்மவர். தீர்ந்தால் நெட் நின்றுவிடாது, 64 கேபிபிஎஸ் வேகத்தில் ஊரும். ஒரு எம்பி போட்டோ வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்: 3 ஜிபி உள்ள ஒரு சினிமாவை அந்த வேகத்தில் இறக்கினால் நான்கு நாளும் எட்டு மணி நேரமும். கும்பகோணத்திலிருந்து காசிக்குப் போய், கங்கையில் முழுகி, திரும்புகிற ரயிலிலும் ஏறிவிடலாம். புது 2 ஜிபி நள்ளிரவு 12 மணிக்குத்தான் பிறக்கும். பேத்தி வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிப்பது போல் விழித்திருந்து, சொர்க்கவாசல் திறந்ததும் ரீல்ஸ் பார்த்தாள்.

கேஷ் டாலி ஆகாமல் ஒருநாளும் வீட்டுக்குப் போகாத மனிதர் இதை விடுவாரா? முதல் சந்தேகம் மாடிமேல். காலண்டர் தாள், விபூதி மடிப்பு, தொடர்ச்சி எல்லாம் மனசில் படம் போல ஓடியது. நம்மவர் படியேறி, சுற்றி வளைத்து, “தம்பி, விபூதி மடிச்ச பேப்பர் இருக்கா?” என்று கேட்டார். அந்தப் பிள்ளை பூஜை மாடத்திலிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தான். பிரிக்கவே இல்லை. பாஸ்வேர்டுமேல் பகவான் கிருபை கனமாகப் படிந்திருந்தது. ஹாட்ஸ்பாட் திரையைப் பார்த்தால், சேர்ந்திருப்பது ஒரே ஒரு கருவி என்றது.

திருடன் வீட்டுக்குள்தான். ராத்திரி மேஜைமேல் சார்ஜில் கிடந்த டேப்.

அது செய்ததில் அதன் நியாயம் அதற்கு இருந்தது. வைஃபை என்றால் அளவில்லாத தண்ணீர் என்பது டேப்களுக்கு ஊட்டி வளர்த்த பால். வைஃபை கிடைத்தால் ஆப்களைப் புதுப்பித்துக்கொள், படங்களை மேலே ஏற்று, சார்ஜில் இருக்கும்போது மொத்தத்தையும் பேக்கப் எடு. வருகிற வைஃபை கேபிள் இணைப்பிலிருந்து வருகிறதா, தாத்தாவின் ரீசார்ஜிலிருந்து வருகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? சொந்தத்துக்குள் தெரியும். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட், சேர வருகிற இன்னொரு ஆண்ட்ராய்டிடம் ‘இது மீட்டர் ஓடுகிற நெட், பார்த்துச் செலவழி’ என்று காதைக் கடித்துவிடும். ஐபோனும் ஐபேடும் தங்களுக்குள் அதே மாதிரி பேசிக்கொள்ளும். போன் ஒரு குலம், டேப் ஒரு குலம் என்று கலப்பு மணமாகிவிட்டால் அந்த ரகசியம் போய்ச் சேரும் என்று உறுதியில்லை. நம்மவர் வீட்டில் நடந்தது கலப்பு மணம். ராத்திரி பேத்தி ரீல்ஸுக்காகத் திறந்துவிட்ட ஹாட்ஸ்பாட்டை அணைக்காமல் தூங்கிப்போனாள். டேப் விடிய விடிய, அவள் எடுத்த மகாமகக் குளத்து வீடியோக்களையெல்லாம் சிரத்தையாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தது.

மாடிப் பிள்ளை டேப்பின் வைஃபை செட்டிங்ஸைத் திறந்து ஒரு சுவிட்சைத் தள்ளினான். அவ்வளவுதான். மறுநாள் இரவு ஒன்பது மணிக்குக் கணக்குப் பார்த்தபோது 600 எம்பி மிச்சமிருந்தது. நம்மவர் அதைப் பாஸ்புக்கைக் காட்டுவது போல எல்லோருக்கும் காட்டினார்.

டேப் வைத்திருப்பவர்கள் இன்றே பார்த்துவிடுங்கள். ஐபேடாக இருந்தால் செட்டிங்ஸில் வைஃபை, ஹாட்ஸ்பாட் பெயருக்குப் பக்கத்திலுள்ள ‘ஐ’, அதனுள் ‘லோ டேட்டா மோட்’. ஆண்ட்ராய்டு டேப்பாக இருந்தால் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் ‘மீட்டர்ட்’ என்று மாற்ற வேண்டும். ஐபேடில் அந்தச் சுவிட்ச் கடையிலிருந்து வரும்போது அணைந்தேதான் வருகிறது.